பூட்டும் சோதனையும்

பூட்டு என்றவுடன் இரும்பும் திறவுகோலும் நினைவுக்கு வருகின்றன. பங்கு இல்லத்தில் வாழும் நமக்குத் திறவுகோல்களுக்குக் குறைவில்லை. நற்கருணைப் பேழைக்கு ஒன்று, காணிக்கைப் பெட்டிக்கு ஒன்று, பதிவேடுகள் உறங்கும் அலமாரிக்கு ஒன்று, கல்லறைத் தோட்டத்தின் வாயிலுக்கு ஒன்று. பூட்டியவர் அப்பால் சென்ற பின்னும் இரும்பு தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். ஆனால் இரும்பே இல்லாத பூட்டு ஒன்று இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அது சொல்லால் மட்டுமே ஆனது. ஒருவர் சொல்ல, மற்றொருவர் கேட்டு ஒதுங்க, மூன்றாமவர் அதனை நினைவில் வைத்திருக்க, அவ்வளவில் அது நிற்கின்றது. கணிப்பொறியாளர் இதனைக் கோப்புப் பூட்டு என்பர். இதில் இறையியல் கற்றவனும் இல்லறத்தானும் சிந்திப்பதற்கு நிரம்ப உண்டு என்று கண்டோம். அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஒரு சிறு கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். பங்கின் கணக்கேடு கணிப்பொறியில் ஒரு கோப்பாக இருக்கின்றது என்று கொள்வோம். இருப்பு 5,000 ரூபாய். உபதேசியார் ஓரிடத்திலிருந்தும், பங்குப்பேரவைப் பொருளாளர் வேறோரிடத்திலிருந்தும் அதே கோப்பை ஒரே நேரத்தில் திறக்கின்றனர். இருவர் கண்ணுக்கும் 5,000 தெரிகின்றது. உபதேசியார் ஞாயிறு காணிக்கை 1,000 ரூபாயைச் சேர்த்து 6,000 என்று எழுதி மூடுகின்றார். அடுத்த நொடி பொருளாளர் 500 ரூபாய் நன்கொடையைச் சேர்த்து 5,500 என்று எழுதி மூடுகின்றார். பின்னவர் எழுதியதே நிலைக்கும். 6,500 இருக்கவேண்டிய ஏட்டில் 5,500 நிற்கின்றது. எவரும் திருடவில்லை, எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை, ஆயினும் ஏழைகளின் காணிக்கை 1,000 ரூபாய் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டது.

இதனைத் தவிர்க்கவே பூட்டு. முதலில் வருபவர், “இக்கோப்பு இப்போது என் கையில்” என்று அறிவிக்கின்றார். அடுத்து வருபவர் முதலில் கேட்கின்றார்; “பொறு” என்ற விடை கிடைத்தால் காத்திருக்கின்றார். முன்னவர் விடுவித்த பின்னரே பின்னவர் கைக்கு அது போகும். யூனிக்ஸ், லினக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் இப்பூட்டு பெரும்பாலும் அறிவுரையளவே ஆனது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேளாமல் நுழையும் நிரலை அது தடுப்பதில்லை. கேட்பவர்க்கே அது பூட்டு. கேளாதவர்க்கு அது வெறுங்காற்று.

ஒரே கணிப்பொறிக்குள் இந்த ஏற்பாடு எளிது. பல கணிப்பொறிகள் தொலைவிலுள்ள ஒரே கோப்பைப் பகிரும்போதுதான் சிக்கல் எழுகின்றது. அத்தகைய பகிர்வுக்காக அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 1984-இல் என்.எஃப்.எஸ். என்ற முறையை உருவாக்கியது. சர்வர் எனப்படும் பொதுக் கணிப்பொறியில் உள்ள கோப்பு, நம் மேசைமேலுள்ள கணிப்பொறியிலேயே இருப்பது போலத் தோன்றும்படி அது செய்தது. அதனை வகுத்தோர் ஒரு வியப்பான முடிவை மேற்கொண்டனர். தன்னிடம் வந்து போகின்றவர் எவரையும் சர்வர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்கு வேண்டிய விவரம் அனைத்தையும் தானே சுமந்து வரவேண்டும். சர்வர் பழுதாகி விழுந்து மீண்டும் எழுந்தாலும், நடந்தது எதுவும் தெரியாதது போலப் பணி தொடரும். மறதியையே வலிமையாக்கிக்கொண்ட அமைப்பு அது.

ஆனால் பூட்டு என்பதோ முழுக்க முழுக்க நினைவு. யார் கையில் எது என்பதை ஒருவராவது நினைவில் கொள்ளாவிடில் பூட்டு என்ற ஒன்றே இல்லை. ஆகவே மறதியுள்ள சர்வரின் பக்கத்தில், பூட்டுகளை நினைவில் வைப்பதற்கென்றே தனியொரு பணியாளனை அமர்த்தினர். கோப்புகள் ஒரு வாசல் வழியே போகவும் வரவும், பூட்டுக்கான பேச்சு வேறொரு வாசல் வழியே நடந்தது. 2000-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பில்தான் இவ்விரண்டும் ஒரே வாசலுக்குள் வந்தன. ஆயினும் 1995-இல் வெளியான மூன்றாம் பதிப்பு இன்றும் பல இடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றது.

பூட்டு மெய்யாகவே பூட்டுகின்றதா என்று அறிய ஒரு சோதனை வேண்டும். 1980-களிலேயே இதற்கென்று கனெக்டத்தான் என்ற பெயரில் போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடின. தத்தம் கணிப்பொறிகளைச் சுமந்து வந்து, ஒரே கூடத்தில் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்று சொல்வதை மற்றொன்று புரிந்துகொள்கின்றதா என்று பார்த்தன. அக்கூடுகையின் சோதனைத் தொகுப்பில் கோப்புப் பூட்டுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. வீட்டிலிருந்தபடியே “எல்லாம் சரி” என்று கூறிக்கொள்வதை விடுத்து, அயலாரின் பொறியோடு இணைத்துப் பார்க்க முன்வந்த அந்தப் பண்பு போற்றுதற்குரியது. இனி நாம் கூறப்போவதன் சாரமும் அதுவே.

தேயிலையும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் கேத்திப் பள்ளத்தாக்கில், 2020-இன் பெருந்தொற்றுக்குப் பின், நகரத்து மென்பொருள் வேலையை வீட்டிலிருந்தே செய்யும் இளையோர் சிலரும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் முதற்பட்டதாரி. ஒரு மாலை, மூடுபனி இறங்கும் வேளையில் பங்கு இல்லத்துக்கு வந்தார். “ஃபாதர், பாவசங்கீர்த்தனம் செய்ய வரவில்லை, ஒரு சந்தேகம் கேட்க வந்தேன்” என்றார். அவருடைய இசைவோடுதான் இங்கு இதனை எழுதுகின்றோம்.

பல அலுவலகங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு சேமிப்பகத்தைச் சோதிப்பது அவர் பணி. பதினொரு நாள்களாக ஒரே ஒரு சோதனை தேறவில்லை. அது என்.எஃப்.எஸ். பூட்டுச் சோதனை. சோதனையின் அமைப்பு எளியது. முதல் நிரல் கோப்பைப் பூட்டுகின்றது. இரண்டாம் நிரல் அதே பூட்டைக் கேட்டு, இல்லை என்ற விடை பெறவேண்டும். பிறகு அது வரிசையில் காத்திருக்க, முதல் நிரல் பூட்டை விடுவிக்க, குறித்த சில நொடிகளுக்குள் பூட்டு இரண்டாம் நிரலின் கைக்கு வரவேண்டும். முற்பகுதி ஒழுங்காக நடந்தது. பிற்பகுதியில் இரண்டாம் நிரல் காத்துக்கொண்டே இருந்தது, குறித்த நேரம் கடந்தது, சோதனை தோற்றது.

அவருடைய மேலாளர் ஒரு வழி சொன்னாராம். கோப்பகத்தை இணைக்கும் கட்டளையில் ‘நோலாக்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். சேர்த்துப் பார்த்தார், சோதனை நொடியில் தேறிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பொருளை வாடிக்கையாளர்க்கு அனுப்பிவிடலாம். அவரோ இன்னும் பணி உறுதி செய்யப்படாத தகுதிகாண் பருவத்தில் இருந்தார். வீட்டுக் கூரைக்கும் தங்கையின் செவிலியர் படிப்புக்கும் வாங்கிய கடன் தலைமேல் இருந்தது. “நான் எதையும் திருத்தி எழுதவில்லை ஃபாதர். சோதனை உண்மையிலேயே தேறியது. ‘தேறியது’ என்று எழுதினால் அது பொய்யா?”

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் பொய்யைப் பற்றிய விவாதங்கள் நீண்டவை. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதி, எந்தப் பொய்யும் ஆகாது என்று வாதிட்டார். பின்வந்தோர் யாருக்கு உண்மையைக் கேட்கும் உரிமை உண்டு என்ற வினாவையும் சேர்த்து ஆராய்ந்தனர். ஆனால் எட்டாம் கட்டளை பேசுவது பிறனுக்கு எதிரான சாட்சியத்தைப் பற்றி. சோதனையின் பச்சை விளக்கும் ஒரு சாட்சியமே. ஆகவே நாம் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. “தம்பி, அந்தப் பூட்டை நம்பி இருப்பவர் யார்?” என்று மட்டும் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. “ஒரு மருத்துவமனையின் மருந்துக் கையிருப்பு ஏடும் அதில் வரும் ஃபாதர்” என்றார். கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு அவர் செய்த செயல் நமக்கு மிகப் பிடித்தது. வீட்டிலிருந்த பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து, அதனையும் அதே சேமிப்பகத்தோடு ‘நோலாக்’ சொல்லுடனேயே இணைத்தார். முதற் கணிப்பொறியிலிருந்து ஒரு கோப்பைப் பூட்டினார், பூட்டு கிடைத்தது. இரண்டாவதிலிருந்து அதே கோப்பைப் பூட்டினார். அதற்கும் பூட்டு கிடைத்தது. ஒரே பூட்டு ஒரே நேரத்தில் இருவர் கையில்! காரணம் இதுதான். அந்தச் சொல்லைச் சேர்த்தவுடன் கணிப்பொறி, பூட்டைப் பற்றிச் சர்வரிடம் கேட்பதையே நிறுத்திவிடுகின்றது. தன் வீட்டுக்குள் தானே பூட்டித் தானே திறந்துகொள்கின்றது. சோதனையின் இரு நிரல்களும் ஒரே கணிப்பொறிக்குள் இருந்தபடியால் அவற்றுக்கிடையே பூட்டு செல்லுபடியாயிற்று. அடுத்த வீட்டுக்கோ அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. இரண்டு செவிலியர் இரண்டு மேசைகளிலிருந்து ஒரே மருந்தின் கணக்கை எழுதினால், நாம் மேலே கண்ட 1,000 ரூபாய்க்கு நேர்ந்தது அந்த மருந்துக்கும் நேரும்.

பழுதின் உண்மையான காரணத்தையும் அவர் பிறகு கண்டார். மூன்றாம் பதிப்பில், காத்திருப்பவரின் முறை வந்ததும் சர்வர் தானே திரும்ப அழைத்து, “இதோ, பூட்டு உன்னுடையது” என்று சொல்லும். அந்த அழைப்பு வரும் வாசலை, காத்திருந்த கணிப்பொறியின் ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருள் அடைத்து வைத்திருந்தது. சர்வர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்பவனுடைய கதவு உட்புறமாகச் சாத்தியிருந்தது. வெகுநேரம் கழித்து அவனே மறுபடி கேட்கும்போதுதான் பூட்டு கைக்கு வரும். அதற்குள் சோதனையின் நேரம் முடிந்துவிடும். பூட்டுப் பணியாளனுக்கு நிலையான ஒரு வாசல் எண்ணைக் குறித்து, காவலில் அந்த ஒரு வாசலை மட்டும் திறந்துவிட்டார். ‘நோலாக்’ சொல்லை நீக்கினார். சோதனை தேறியது. அதோடு நில்லாமல், இனி அச்சோதனை எப்போதும் இரண்டு வெவ்வேறு கணிப்பொறிகளிலிருந்தே நடக்கவேண்டும் என்று மாற்றி எழுதினார்.

இதற்கு நான்கு நாள் கூடுதலாயிற்று. வெள்ளிக்கிழமை தவறிற்று. தாமதத்துக்காக அவருடைய தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். பாராட்டு எதுவும் வரவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் தாயார் செபமாலையும் கையுமாக இருந்தார். பின்னர் பணி உறுதியாயிற்று. ஆயினும் அதனை நன்மைக்குக் கிடைத்த கூலியாக நாம் இங்கே எழுதவில்லை. உறுதியாகாமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரியே.

பூட்டு என்பது இருவருக்கிடையே நிற்கும் சொல் என்பதை மனிதர் அறிந்துகொள்ள நேர்ந்தது இது முதன்முறையன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் வந்த நம் மலை இரயில், கேத்தியைத் தொட்டுச் செல்வது ஒற்றைத் தடத்தில்தான். ஒற்றைத் தடத்தில் இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகே தார்ப் என்னுமிடத்தில் 1874-இல், இரு நிலையங்களுக்கிடையே தந்திச் செய்தி பிசகியதால், ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. உயிர்கள் பல மாண்டன. ஒவ்வொரு நிலையமும் தன்னளவில் வழி விட்டாயிற்று என்றே எண்ணியிருந்தது. அதன் பயனாக எட்வர்டு டையர் என்பவர் 1878-இல் ஒரு கருவியை அமைத்தார். இரு நிலையங்களிலும் இருக்கும் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது திரும்ப வைக்கப்படும்வரை எந்தப் பெட்டியிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. வில்லையைக் கையில் பெறாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாகாது. நம் நாட்டு ஒற்றைத் தடங்களில் நெடுங்காலம் வழங்கிய டோக்கன் உருண்டை இதன் வழிவந்ததே. ஒரு நிலையம் தனியாக எதையும் பூட்ட முடியாது என்பதே இக்கருவியின் ஞானம்.

திருச்சபையும் இதே ஞானத்தைத் தன் வழியில் கற்றிருக்கின்றது. திருமணத்துக்கு வரும் மணமக்களிடம், “புதிதாகத் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்” என்று நாம் கேட்கும்போது பலர் முகம் சுளிப்பர். “பழைய சான்றிதழ் பெட்டியில் இருக்கிறதே சாமி, திருமுழுக்கு மாறியா போகும்?” என்பர். திருமுழுக்கு மாறாது. ஆனால் அந்தப் பதிவேட்டின் ஓரத்தில் பின்னாளில் ஏதேனும் குறிக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு இருக்கவேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. ஆனால் ஓரூரில் மணந்தவர் வேற்றூருக்குச் சென்று மணமாகாதவரைப் போல நின்றால் அந்த ஊர்ப் பங்குத்தந்தை எவ்வாறு அறிவார்? புனித பத்தாம் பத்திநாதரின் காலத்தில் 1907-இல் வெளியான ‘நே தெமெரே’ என்ற ஆணை இதற்கு வழி கண்டது. ஒருவர் எங்கு மணம் முடித்தாலும், அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள ஏட்டில் குறிக்கப்படவேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் 535, 1122 ஆகிய சட்டங்கள் இதனையே கூறுகின்றன. மனிதர் எங்கெங்கு அலைந்தாலும் அவர்தம் வாக்குறுதியை நினைவில் வைத்திருக்கும் இடம் ஒன்றே. மணம் முடித்து வைத்த பங்கு அந்த அறிவிப்பை அனுப்பாவிடில், தன் ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே அதற்குத் தோன்றும். அதுவும் ஒரு ‘நோலாக்’ தான்.

ஞாயிறு திருப்பலியில் ஓலை வாசிப்பதும் இவ்வகையினதே. மணமக்களைத் தனியே அமர்த்தி விசாரித்துக் கையொப்பம் வாங்கிய பின்னரும், தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கும்படி இறைமக்கள் அனைவரிடமும் கேட்கின்றோம். தனி அறையில் தேறிய சோதனை போதாது என்பதால்தான், கோவில் முழுவதும் கேட்க அது மறுபடி நடக்கின்றது.

இனி மற்றொன்று. நினைவில் வைத்திருக்கும் இடமே நினைவிழந்தால் என் செய்வது? சர்வர் மின்வெட்டால் அணைந்து மீண்டும் எழும்போது, அதன் நினைவிலிருந்த பூட்டுகள் யாவும் அழிந்திருக்கும். அப்போது அது உடனே புதியவர்க்குப் பூட்டு வழங்குவதில்லை. முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் வந்து, “இது என்னிடம் இருந்தது” என்று சொல்லி மீட்டுக்கொள்ளச் சற்று நேரம் ஒதுக்குகின்றது. லினக்ஸ் சர்வரில் நான்காம் பதிப்புக்கு வழக்கமான அளவு 90 நொடி. அந்த நேரத்துக்குப் பொறியாளர் இட்ட பெயர் ‘கிரேஸ் பீரியட்’. அருளின் காலம்! பெயர் வைத்தவர்கள் இறையியலை நினைத்திருக்கமாட்டார்கள். ஆயினும் லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், யூபிலி ஆண்டில் நிலம் முன்னைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்ற விதியை அறிந்தவர்க்கு இப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். இழந்தவனுக்கு முதலில் வழிவிடு. புதிதாக வருபவன் சற்றுப் பொறுக்கட்டும்.

நம் நீலகிரியில் இதற்குக் கண்கண்ட பொருள் உண்டு. 1964-இல் செய்யப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் பல இம்மலைகளில் குடியமர்ந்தன. கப்பலிலும் இரயிலிலும் வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தனர். சான்றிதழ்களைக் கொண்டுவந்தவர் சிலரே. அத்தகைய குடும்பத்து முதியவர் ஒருவரின் திருமுழுக்கை உறுதிசெய்ய வேண்டியிருந்தபோது, ஏட்டில் எங்கும் குறிப்பு கிடைக்கவில்லை. அவருடைய அக்காள் எழுபதைக் கடந்தவர். “நான்தான் சாமி தூக்கிட்டுப் போனேன். மழை பெஞ்சுது. லயத்துல இருந்து கோயில் வரைக்கும் கம்பளில சுத்திக்கிட்டுப் போனேன்” என்றார். குற்றம் சொல்லமுடியாத ஒரு சாட்சியின் வாக்கு, எவர்க்கும் கேடில்லாதபோது, திருமுழுக்கை மெய்ப்பிக்கப் போதும் என்று 876-ஆம் சட்டம் கூறுகின்றது. அந்த வாக்கை ஏற்று எழுதினோம். ஏடு மறந்ததை ஒரு சகோதரியின் நினைவு மீட்டுக் கொடுத்தது. தனித்து எவராலும் பூட்டவும் இயலாது. இழந்ததை மீட்கவும் இயலாது.

அன்பர்களே, தமிழில் ‘சோதனை’ என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. ஒன்று, தரத்தை அறியும் தேர்வு. மற்றது, இயேசு கற்பித்த செபத்தில் நம்மை விலக்கிக் காக்குமாறு மன்றாடுகின்றோமே, அந்தச் சோதனை. அவ்விளைஞரின் மேசையில் இரண்டும் ஒரே வேளையில் வந்து நின்றன. தேர்வு தோற்றபோது அவர்க்கு ஆபத்து இல்லை. தோல்வி அவர்க்கு உண்மையையே கூறிக்கொண்டிருந்தது. எளிதாகத் தேறிய நொடியில்தான் ஆபத்து வந்தது.

மூன்றாவதாக ஒரு சோதனையும் நம் மரபில் உண்டு. அது ஆன்ம சோதனை. இரவுச் செபத்தின்போதும், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன்பும் நாம் அதனைச் செய்கின்றோம். பெரும்பாலும் அதனை ஒரே கணிப்பொறிக்குள்ளேயே செய்து முடித்துவிடுகின்றோம். கேட்பவரும் நாமே, விடை கூறுபவரும் நாமே. “என் மனைவியிடம் அன்பாக இருந்தேனா? இருந்தேன். வேலையாளுக்குரிய கூலியை நேர்மையாகக் கொடுத்தேனா? கொடுத்தேன். தம்பியோடு இருந்த வழக்கை மனத்தளவில் மன்னித்தேனா? மன்னித்தேன்.” பச்சை விளக்கு எரிகின்றது. அம்மனைவியிடம் அதே வினாவைக் கேட்டிருந்தால்? அவ்வேலையாளிடம்? மன்னிக்கப்பட்டதாக நாம் எண்ணும் தம்பிக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்ததா? பலிபீடத்தின்முன் நிற்கையில் சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொன்னார் நம் ஆண்டவர். மனத்தாங்கல் அவனிடம் இருக்கின்றது என்பதைக் கவனியுங்கள். நம் உள்ளத்தைத் துழாவி அதனைக் கண்டுபிடிக்க முடியாது. எழுந்து போகத்தான் வேண்டும்.

சில நேரங்களில் அவன் நம்மை அழைத்துக்கொண்டுதான் இருப்பான். நம் பக்கத்துக் காவல் அந்த அழைப்பை உள்ளே விடாதிருக்கும். பாதுகாப்புக்கென்று நாம் எழுப்பிய சுவர், நல்ல செய்தியையும் வெளியே நிறுத்திவிடுகின்றது. எல்லாக் கதவுகளையும் திறந்து போட வேண்டியதில்லை. எந்த வாசலில் யார் நிற்கின்றார் என்று அறிந்து, அந்த ஒன்றைத் திறந்தால் போதும்.

ஆகவே அடுத்த முறை ஆன்ம சோதனை செய்ய அமரும்போது ஒரே ஒரு வினாவையேனும் வீட்டிலுள்ள மற்றொருவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். “இந்த வாரம் நான் உனக்கு என்ன குறை செய்தேன்?” என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள். முதல் விடை பெரும்பாலும், “ஒன்றுமில்லை” என்பதாக இருக்கும். மறுநாள் மறுபடி கேளுங்கள். இரண்டாம் விடையோடு பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள், குரு காத்திருப்பார்.